பொட்டிப்புரம் மலைக்குள் போகவிருந்த 50,000 டன் இரும்பு

தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்குப் பக்கத்தில் பொட்டிப்புரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கே உரிய காட்சிதான். ஒரு பக்கம் தோட்டம் துரவு, மறுபக்கம் நிமிர்ந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலையில் அம்பரப்பர் கரடு என்று ஒரு குன்று. பத்து பதினைந்து வருடங்களுக்கு முன்பு வரை பக்கத்து ஊர்க்காரர்களையும் ஆடு மாடு மேய்ப்பவர்களையும் தவிர யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. 2010-க்குப் பிறகு அது செய்தித்தாள்களில் அடிக்கடி வர ஆரம்பித்தது. காரணம் நியூட்ரினோ.

நியூட்ரினோ பற்றி ஏற்கனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே விஷயம் வேறு. அந்த மலைக்குள் போகவிருந்தது நியூட்ரினோ அல்ல (அது எங்கேயும் போகிறது, வருகிறது, இதைப் படிக்கும் உங்களுக்குள்ளும் ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி புகுந்து வெளியேறுகின்றன). உண்மையில் மலைக்குள் போகவிருந்தது இரும்பு. சாதாரண இரும்பு. 50,000 டன்னுக்கும் மேல்!

எதற்கு இவ்வளவு இரும்பு, அது எங்கிருந்து வருகிறது, நம் ஆட்கள் அதை முன்பு எப்படி எடுத்தார்கள், உலோகத்துக்காகத் தோண்டிய குழிகளுக்கும் நியூட்ரினோவுக்கும் என்ன சொந்தம் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு பெரிய கதை கிடைக்கிறது.

முதலில் கணக்கு

இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் முக்கியக் கருவிக்கு 'ஐகால்' என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ நுணுக்கமான கருவி போலத் தோன்றும். பார்க்கப்போனால் அது ஒரு பெரிய இரும்பு அடுக்கு. 16 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், சுமார் 14.5 மீட்டர் உயரம் கொண்ட ஒரு பகுதி. அதுபோல மூன்று பகுதிகள். ஒவ்வொன்றிலும் 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுகள் 151 அடுக்குகளாக வரும். இரண்டு அடுக்குக்கு நடுவே 4 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிகளில் கண்ணாடியால் செய்த உணர்கருவிகள். அவ்வளவுதான்!

பெருக்கிப் பாருங்கள். 16 x 16 x 0.056 x 151 என்றால் சுமார் 2,165 கன மீட்டர். ஒரு கன மீட்டர் இரும்பு ஏறத்தாழ 7.86 டன் இருக்கும். அப்படியானால் ஒரு பகுதிக்கு 17,000 டன். மூன்றுக்கும் 51,000 டன். லாரிக்கு 25 டன் என்று வைத்தால் இரண்டாயிரம் லோடு. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரும்புக்கு மட்டுமே 306 கோடி ரூபாய். 2015-இல் மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு ஒப்புக்கொண்ட தொகை சுமார் 1,500 கோடி.

இது பெரிய தொகையாகத் தெரிகிறது அல்லவா? இதையே இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். 2024-ஆம் ஆண்டில் இந்தியா உற்பத்தி செய்த உருக்கு ஏறக்குறைய 15 கோடி டன். மணிக் கணக்கில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17,000 டன். அதாவது ஐகாலின் ஒரு பகுதிக்கு ஒரு மணி நேரம். முழுக் கருவிக்கும் மூன்று மணி நேரம். காலையில் ஒரு சினிமா பார்த்துவிட்டு வெளியே வருவதற்குள் நாட்டின் ஆலைகள் அவ்வளவு இரும்பைச் செய்து முடித்துவிடுகின்றன. இரும்பு என்ற உலோகத்தின் தனித்தன்மையே இந்த மலிவுதான்.

ஏன் இரும்பு?

மூன்று காரணங்கள். ஒன்று, கனம். நியூட்ரினோ எதிலும் மோதாது. எப்போதாவது ஒன்று மோத வேண்டுமென்றால் அதன் வழியில் நிறையப் பொருளை நிறுத்தி வைக்க வேண்டும். தங்கம் இரும்பைவிட இரண்டரை மடங்கு கனம்தான். ஆனால் மனிதன் இதுவரை பூமியிலிருந்து எடுத்த தங்கம் எல்லாம் சேர்த்தே இரண்டு லட்சத்துச் சொச்சம் டன். அதில் கால்வாசியை ஒரு மலைக்குள் கொண்டுபோய் அடுக்கினால் உலகத்தில் யாருக்கும் கல்யாணம் நடக்காது! ஈயமும் இரும்பைவிடக் கனம். ஆனால் மென்மையானது, தன் பாரத்திலேயே தொய்யும்.

இரண்டு, மலிவு. அதைப் பார்த்தாயிற்று. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 5 சதவீதம் இரும்பு. உலோகங்களில் அலுமினியத்துக்கு அடுத்த இடம்.

மூன்றாவதுதான் முக்கியம். இரும்பு காந்தமாகும். நியூட்ரினோ மோதினால் அந்த இடத்திலிருந்து மியூவான் என்ற துகள் கிளம்பும். வந்தது நியூட்ரினோவா, எதிர்நியூட்ரினோவா என்பது மியூவானின் மின்னூட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். காந்தப்புலத்துக்குள் ஓடினால் நேர் மின்னூட்டம் ஒரு பக்கமும் எதிர் மின்னூட்டம் மறுபக்கமும் வளையும். தகடுகளைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் போட்டு மின்சாரம் பாய்ச்சினால் மொத்த இரும்பும் காந்தமாகிவிடும். தடுக்கும் சுவரும் அதுவே, வளைக்கும் காந்தமும் அதுவே. ஒரே முதலீட்டில் இரண்டு வேலை. அதனால்தான் உலகின் மிகப்பெரிய மின்காந்தம் தேனியில் வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால் எந்த இரும்பும் உதவாது. இரும்பில் கரி கொஞ்சம் கலந்தால் உருக்காகும், கடினமாகும். கத்திக்கும் உளிக்கும் அது நல்லது. கரி குறையக் குறைய இரும்பு மென்மையாகும், சுலபமாகக் காந்தமாகும், மின்சாரத்தை நிறுத்தினால் சுலபமாகக் காந்தத்தன்மையை விட்டும் விடும். ஐகாலுக்கு வேண்டியது கரி மிகக் குறைந்த மெல்லிரும்பு. பள்ளிப் புத்தகங்களில் தேனிரும்பு என்று படித்தது இதற்குப் பக்கத்துச் சொந்தம். தேனிக்குத் தேனிரும்பு, பொருத்தம்தான்.

மண் உலையும் துருத்தியும்

இரும்பு என்றதும் தமிழ்நாட்டில் இப்போது பேசப்படுவது சிவகளை. தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன் 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைக்கு கி.மு. 2172 என்று அறிவிக்கப்பட்டது. இதைக் கேட்டவுடன் 'உலகத்திலேயே முதலில் நாம்தான்' என்று கைதட்டுவது எளிது. காலக்கணிப்பு செய்யப்படுவது பெரும்பாலும் இரும்பின் மேல் அல்ல, அதோடு கிடைத்த கரியின் மேலும் பானையின் மேலும்தான். இன்னும் பல ஊர்களில் இதே போன்ற காலம் கிடைக்கும்போதுதான் கட்சி வலுக்கும். ஆய்வாளர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

வயது எதுவாக இருந்தாலும் செய்த முறை சுவாரஸ்யமானது. ஆளுயரம்கூட இல்லாத மண் உலை. அதில் மரக்கரியும் பொடித்த தாதுவும் மாறி மாறி அடுக்குவார்கள். கீழே துருத்தி வைத்து ஊதுவார்கள். வெப்பம் 1,200 டிகிரி வரை போகும். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். அதனால் உலைக்குள் இரும்பு ஒருபோதும் உருகாது! கரியிலிருந்து வரும் வாயு தாதுவில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மண்ணும் கல்லும் கசடாக உருகி வழிந்துவிடும். கடைசியில் உலையை உடைத்தால் கடற்பஞ்சு போல ஒரு இரும்புக் கட்டி கிடைக்கும். அதைச் சூட்டோடு அடித்து அடித்து மீதிக் கசடை வெளியேற்ற வேண்டும். கொல்லன் பட்டறையில் அடி விழுவது உருவம் கொடுக்க மட்டும் என்று நினைக்கிறோம். பாதி அடி சுத்தம் செய்வதற்கு.

இதற்கு மேல் ஒரு படி போனவர்கள் கொங்குப் பகுதிக்காரர்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் உருக்கு செய்த உலைகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. அடித்துச் சுத்தம் செய்த இரும்பைத் துண்டுகளாக்கி, மண்ணால் செய்த மூசைக்குள் போட்டு, ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து உலையில் வைப்பது பிற்காலத்தில் வெள்ளைக்காரர்கள் பார்த்து எழுதி வைத்த முறை. குச்சியும் இலையும் எரிந்து கரியாகி அந்தக் கரி இரும்புக்குள் ஏறும். கரி ஏறிய இரும்பு குறைந்த வெப்பத்திலேயே உருகும். ஆறவைத்து மூசையை உடைத்தால் கைக்கு அடக்கமான உருக்குக் கட்டி. இதுதான் அரபு வணிகர்கள் வழியாகப் போய் டமாஸ்கஸ் வாள் என்று பெயர் வாங்கியது. 'உக்கு', 'உருக்கு' என்ற தென்னிந்தியச் சொல்லே ஆங்கிலத்தில் 'ஊட்ஸ்' ஆனது என்பார்கள். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். மைக்கேல் ஃபாரடே தன் இளவயதில் இந்த உருக்கைப் போலச் செய்து பார்க்கப் பல வருடம் முயன்றார். மின்சாரத்தில் கைவைப்பதற்கு முன்னால் அவர் மெனக்கெட்டது நம் ஊர் உருக்கோடு!

பிறகு ஏன் அது அழிந்தது? 'வெள்ளைக்காரன் அழித்துவிட்டான்' என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். அது பாதி உண்மை. மீதிப் பாதி விறகு.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி வேலையை விட்டுவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பகுதியின் தாது, ஐரோப்பிய பாணி ஊதுலை, கம்பெனியின் கடன். இரும்பு நன்றாகவே வந்தது, ஷெஃபீல்டு வரை போனது. பின்னர் கேரளக் கரையில் பேய்ப்பூரிலும் ஒரு ஆலை. ஆனால் லாபம் மட்டும் வரவேயில்லை. இங்கிலாந்தில் 1709-லேயே ஆபிரகாம் டார்பி நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக்கில் இரும்பு உருக்கிக் காட்டியிருந்தார். சேலம் பக்கம் நிலக்கரி இல்லை. ஹீத்துக்குக் காடு மட்டுமே எரிபொருள். ஒரு டன் மரக்கரிக்கு நான்கைந்து டன் விறகு வெட்ட வேண்டும். ஒரு டன் இரும்புக்குப் பல டன் மரக்கரி. பக்கத்துக் காடு தீரத் தீர வண்டி தூரம் கூடும், தூரம் கூடக் கூடச் செலவு கூடும். 1860-களில் அந்தக் கம்பெனி மூச்சை நிறுத்தியது. ஹீத் அதற்கு முன்பே 1851-இல் இறந்துவிட்டார். உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் அவருடைய முறையை வைத்து ஷெஃபீல்டு ஆலைகள் சம்பாதித்தன, அவருக்குக் கிடைத்தது வழக்குகள்தான்.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. இரும்புத் தாது தீர்ந்ததால் அந்த ஆலை நிற்கவில்லை. கஞ்சமலையில் இன்றும் தாது இருக்கிறது. தீர்ந்தது காடு. ஒரு உலோகத்தின் விலையில் அந்த உலோகத்தைத் தவிர மற்ற எல்லாமும் அடங்கியிருக்கிறது. இன்றைய ஆலையில் ஒரு டன் உருக்குக்கு ஏறத்தாழ 1.4 டன் தாதுவும் 0.8 டன் நிலக்கரியும் தேவை. வெளியேறும் கரியமில வாயு இரண்டு டன்னுக்கு மேல். ஐகாலின் இரும்பை அப்படியே புதிதாகச் செய்தால் ஒரு லட்சம் டன் புகை. அந்தக் கணக்கு அம்பரப்பர் கரட்டில் விழாது, ஏதோ ஒரு ஒடிசாவிலோ கர்நாடகாவிலோ விழும்.

செத்த சுரங்கங்களில் பிறந்த அறிவியல்

நியூட்ரினோ ஆய்வு பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான் நடக்கும். வானிலிருந்து பொழியும் மற்ற துகள்களைப் பாறை தடுக்க வேண்டும். சரி, ஆழமான குழியை யார் வெட்டி வைத்திருக்கிறார்கள்? உலோகம் எடுத்தவர்கள்.

அமெரிக்காவில் ரே டேவிஸ் சூரிய நியூட்ரினோவைத் தேடியது ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில். கனடாவின் சட்பரி ஆய்வகம் நிக்கல் சுரங்கத்தில். மின்னசோட்டாவின் சூடான் இரும்புச் சுரங்கம் 1962-இல் மூடப்பட்டது. அதற்குள் பிறகு 5,400 டன் காந்த இரும்புத் தகடுகளை அடுக்கி நியூட்ரினோ பிடித்தார்கள். ஒரு காலத்தில் இரும்பை வெளியே எடுத்த குழிக்குள் இரும்பைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள்! ஜப்பானின் புகழ்பெற்ற சூப்பர் கமியோகாண்டே இருப்பது துத்தநாகமும் ஈயமும் எடுத்த கமியோகா சுரங்கத்தில். அங்கே 1998-இல் நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்று தெரிந்தது, நோபல் பரிசும் வந்தது. அதே சுரங்கத்திலிருந்து ஜின்சு ஆற்றில் கலந்த காட்மியத்தால்தான் 'இட்டாய் இட்டாய்' நோய் வந்து கீழ்ப்பகுதி விவசாயக் குடும்பங்களில் எலும்பு முறிந்து செத்தார்கள் என்பதை நோபல் பரிசைப் பாராட்டும் கட்டுரைகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. 'இட்டாய்' என்றால் ஜப்பானிய மொழியில் 'வலிக்கிறது' என்று அர்த்தம்.

இந்த வரிசையில் முதல் வரிசையில் உட்கார வேண்டியது நம் கோலார். தமிழர்கள் 'தங்கவயல்' என்று அழைக்கும் கே.ஜி.எஃப். 1880 வாக்கில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கம். கீழே இறங்கிய கைகளில் பெரும்பாலானவை வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்களின் கைகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பாறையை உடைத்து மேலே கொண்டுவந்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிப்பார்கள். தங்கம் போன பிறகு மிஞ்சிய மாவு மலை மலையாகக் குவிந்தது. 'சயனைடு மேடு' என்று இன்றும் சொல்கிறார்கள். பல படங்களில் வந்த மேடு அது. காற்றடித்தால் வீட்டுக்குள் வரும் தூசியும் அதுதான்.

அந்தச் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து கருவி வைத்து, 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். உலகத்திலேயே முதல்முறை. அதே வருடம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழுவும் பிடித்தது. அதுவும் தங்கச் சுரங்கம்! 1980-இல் கோலாரில் 140 டன் எடையில் இரும்பு அடுக்குக் கருவி ஒன்று வைத்தார்கள், புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க. பொட்டிப்புரத்துக்கு வரவிருந்த ஐகாலுக்கு அதைப் பாட்டி என்று சொல்லலாம்.

பிறகு தங்கம் குறைந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. எடுக்கும் செலவு விற்கும் விலையை விட அதிகம். 1990-களின் தொடக்கத்தில் ஆய்வுக் கருவிகள் நிறுத்தப்பட்டன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றதும் நூறு வருடமாக வெட்டிய சுரங்கம் நீரால் நிரம்பியது. கணக்குப் பிள்ளையின் பார்வையில் நட்டத்தில் ஓடும் தொழிலை மூடியது சரி. ஆனால் அந்தப் பேரேட்டில் ஒரு பத்தி விட்டுப்போயிருந்தது. 2 கிலோமீட்டர் ஆழத்தில் தயாராக இருந்த, மறுபடி வெட்ட முடியாத ஒரு வெற்றிடத்துக்கு யாரும் மதிப்புப் போடவில்லை. அந்தப் பம்புகள் ஓடியிருந்தால் பொட்டிப்புரம் என்ற பெயர் இந்தக் கதைக்குள் வராமலே போயிருக்கலாம்.

பழைய ஈயம், பேரீச்சம்பழம்

இங்கே ஒரு கிளைக்கதை. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்குள் மிக அரிதான கதிரியக்கத்தைத் தேடும் ஒரு ஆய்வகம் இருக்கிறது. அதைச் சுற்றி ஈயக் கவசம் வேண்டும். புதிதாக எடுத்த ஈயத்திலேயே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. ஈயம்-210 என்ற அந்த வகை பாதியாகக் குறைய 22 வருடம் ஆகும். எனவே பழைய ஈயம்தான் நல்ல ஈயம். சார்டினியா தீவருகே 2,000 வருடங்களுக்கு முன் மூழ்கிய ரோமானியக் கப்பலில் ஈயக் கட்டிகள் கிடைத்திருந்தன. 2010-இல் அதில் 120 கட்டிகள் ஆய்வகத்துக்குக் கொடுக்கப்பட்டன. கட்டிகளின் மேல் இருந்த எழுத்துப் பொறிப்புகளை வெட்டி எடுத்து அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொண்டு மீதியை உருக்கினார்கள். தொல்லியல்காரர்கள் சிலர் கொதித்தார்கள். நியாயம்தானே? ஒருவருக்கு வரலாறு, இன்னொருவருக்கு மூலப்பொருள்.

ஐகாலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அது தேடும் துகள்களின் ஆற்றல் கதிரியக்கத்தை விட மிக அதிகம். நேற்று வார்த்த இரும்பே போதும், உருக்கிய பழைய இரும்பும் போதும்.

உலோகத்தைக் காப்பது என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று இருப்பதைத் துருவிடாமல் காப்பது. செம்பின் மேல் படியும் பச்சை பெரும்பாலும் உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து அடுத்த பரப்பைக் காற்றுக்குத் திறந்துவிடும். அதனால்தான் ஆதிச்சநல்லூரில் வெண்கலம் வடிவத்தோடு கிடைத்தது, இரும்பு பல இடங்களில் துருக்கட்டியாகக் கிடைத்தது. உப்புப் படிந்த வெண்கலமும் தப்பாது, பொடிப் பொடியாகும். அதற்காகவே 1930-இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. பரமசிவன் என்ற வேதியியலார் அங்கே மின்பகுப்பு முறையில் சோழர் காலச் சிலைகளின் நோயைத் தீர்த்தார்.

இன்னொன்று திரும்பப் பயன்படுத்துவது. 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள் செய்தது அதுதான். அலுமினியத்தை மறுபடி உருக்கினால் தாதுவிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் 95 சதவீதம் மிச்சம். இரும்பிலும் மிச்சம் பெரிது. ஐகாலின் இரும்பும் இப்படித்தான். இருபது வருடம் ஆய்வு முடிந்தபின் 51,000 டன்னும் அங்கேயேதான் இருக்கும், அப்போதும் அதற்கு விலை உண்டு. மலை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. வெட்டிய மலைக்குப் பழைய விலை கிடையாது.

கரடு

முதலில் நீலகிரியில் சிங்காரா என்ற இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதுமலை யானை, புலிகளின் நடமாட்டம் என்று 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. தேனி மாவட்டத்தின் சுருளியாறும் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. 2010-இல் போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம். சார்னகைட் என்ற உறுதியான பாறை. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடையாகச் சுரங்கப்பாதை போட்டு உள்ளே போனால் தலைக்கு மேலும் எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை. வானத்துத் துகள்களில் பத்து லட்சத்தில் ஒன்றுதான் உள்ளே வரும். அடிவாரத்தில் சுமார் 66 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது.

மற்ற நாடுகளுக்கும் இங்கும் வித்தியாசம் இதுதான். அங்கே ஏற்கனவே கெட்டுப்போன மலைக்குள் அறிவியல் போனது. இங்கே கெடாத மலையை அறிவியலுக்காகவே குடைய வேண்டும். பல லட்சம் டன் பாறையை வெடி வைத்து எடுக்க வேண்டும்.

2015 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல். அதே வருடம் வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2017 மார்ச்சில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் மனுவில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியையே ரத்து செய்தது. காரணம், கேரள எல்லையும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவும் 5 கிலோமீட்டருக்குள் (4.9!) இருக்கின்றன, அதற்குரிய கடுமையான பரிசீலனை நடக்கவில்லை. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் சிறப்பு நேர்வு என்று புதிய அனுமதி கொடுத்தது. நவம்பரில் தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டு, தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்றது. 2021 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரிடம் கேட்டார். 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில், அந்த மலை மதிகெட்டான் - பெரியாறு புலிகள் வழித்தடத்தில் வருகிறது, அனுமதிக்க முடியாது என்று சொன்னது. சுரங்கப்பாதையில் ஒரு மீட்டர்கூட வெட்டப்படவில்லை.

இரண்டு பக்கத்திலும் தவறான பேச்சு இருந்தது. நியூட்ரினோ வந்தால் புற்றுநோய் வரும், மலைக்குள் அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள் என்று ஊரில் பரவியதற்கு ஐகாலின் வடிவமைப்பில் எந்த ஆதாரமும் இல்லை. இரும்பும் கண்ணாடியும் செம்பும்தான் அதில் இருந்தன. ஆனால் அந்தப் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'படிக்காத ஜனங்கள்' என்று சிரித்தவர்கள் செய்ததும் சரியில்லை. ஊர்க்காரர்கள் கேட்ட மற்ற கேள்விகள் எளிமையானவை. வெடி வைத்தால் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும்? உடைத்த பாறை எங்கே போகும்? மேய்ச்சலுக்கு வழி இருக்குமா? இதற்கெல்லாம் பதில் சொல்லும் அறிக்கையைத் தயாரித்த நிறுவனத்துக்கே அதற்கான அங்கீகாரம் இல்லை என்று தீர்ப்பாயம் சுட்டிக்காட்டியது. இவ்வளவு துல்லியமான கருவியைத் திட்டமிட்டவர்கள் இந்த ஒரு காகிதத்தில் இப்படி அசட்டையாக இருந்திருக்க வேண்டாம்.

இதற்கிடையில் சீனா ஜியாங்மென்னில் 20,000 டன் திரவத்தை வைத்து ஜூனோ என்ற ஆய்வகத்தைக் கட்டி முடித்து 2025 ஆகஸ்ட் 26 அன்று தகவல் எடுக்கத் தொடங்கிவிட்டது. மூன்று நியூட்ரினோக்களில் எது கனம், எது லேசு என்ற அதே கேள்விக்குத்தான் ஐகாலும் பதில் தேடவிருந்தது. காந்தம் வைத்துத் தேடும் வழி மட்டும் யாரும் போகாமல் இருக்கிறது.

மதுரையை அடுத்த வடபழஞ்சியில் 2018-இல் மினி ஐகால் என்று ஒன்றைக் கட்டினார்கள். 4 மீட்டருக்கு 4 மீட்டர், 11 அடுக்கு, 85 டன் மெல்லிரும்பு. பெரிய கருவியில் அறுநூறில் ஒரு பங்கு. தலைக்கு மேல் மலை இல்லாததால் அதற்குள் நியூட்ரினோவைப் பிரித்தறிய முடியாது. வானிலிருந்து பொழியும் மியூவான்கள் எந்தப் பக்கம் வளைகின்றன என்று பார்க்க மட்டும் முடியும். பொட்டிப்புரத்துக்குப் போகவிருந்த இரும்பில் இதுவரை அடுக்கப்பட்டது அந்த 85 டன்தான்.